மூலிகைப் பாதை போடுவார்களா?

திட்டக்குடியில் கோயில் கொண்டிருப்பவரே வைத்தியநாதர். அந்த ஊரில் "கீழாநெல்லி எதுப்பா?" என்று கேட்டால் இன்றைய பையன்கள் முழிக்கிறார்கள்!

தெரியாவிட்டால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? உயிர் நஷ்டம்! நம் மாநில மலர் செங்காந்தள். பார்க்க அழகு. அதன் கிழங்கோ கொடிய விஷம். சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு.

2012-ல் டெங்கு வந்தபோது அரசு ஆஸ்பத்திரிகளில் நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். வரிசையில் நின்று வாங்கிக் குடித்தோம். அதில் 9 சரக்குகள். செடியாகப் பார்த்தால் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்?

திட்டக்குடி அரசுக் கல்லூரி வளாகத்தில் மூலிகைத் தோட்டம் போட வேண்டும். பொதுமக்களும் நடந்து பார்க்க நடுவே பாதை விட வேண்டும். மேட்டூர் அணையில் மத்திய அரசின் சித்த மருத்துவ மூலிகைத் தோட்டம் இருக்கிறது. அங்கே யோசனை கேட்கலாம்.

வேலிக்குச் செலவு வேண்டாம். சுற்றிலும் ஆடாதோடையையும் நொச்சியையும் நட்டால் போதும். 'ஆடு தொடாத இலை'. பேரே சொல்லுதே!

பெயர்ப் பலகையைத் தகரத்தில் எழுதினால் துருப்பிடிக்கும். பக்கத்திலேயே விருத்தாசலம், பீங்கானுக்குப் பேர் போன ஊர். பீங்கானில் எழுதிச் சுட்டு வைத்தால் வெயில், மழைக்கு அழியாது. விஷச் செடிக்குச் சிவப்பு எழுத்து!

நடுவது பெரிசல்ல. மந்திரி வருவார், போட்டோ பிடிப்பார்கள். மே மாதம் கல்லூரிக்கு லீவு. வெள்ளாற்றிலும் மணல்தான் கிடக்கும். அப்போது தண்ணீர் ஊற்றுவது யாரு? அந்த ஆளுக்குச் சம்பளத்தை ஒதுக்கிவிட்டு, அப்புறம் மண்வெட்டியைத் தூக்கட்டும்.