கைக்கு ஒரு நாள் லீவு கொடுங்கள்!

ஆடி மாதம் பிறந்தால் போதும், "மருதாணி வைத்தால் நாலே நாளில் வெளிறிப் போகிறதே, ரெண்டு வாரம் நிற்க ஏதாவது வழி சொல்லேன்" என்று எங்கள் தெருப் பெண்கள் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கொல்லையில் மருதாணிச் செடி வைத்திருப்பவள் நான்தான், அதனால் என்னிடம் வந்து நிற்பார்கள். நானும் புளி, எலுமிச்சை, டிகாக்ஷன் என்று தெரிந்ததையெல்லாம் சொல்வேன். ஆனால், இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்லட்டுமா? நிறம் நிற்காததற்கு இலையைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. மருதாணி வைத்த கைக்கு நம் வீடுகளில் ஒரு நாள்கூட ஓய்வு கிடையாது. காரணம் அதுதான்.

மருதாணி இலையில் லாசோன் என்று ஒரு சாயம் இருக்கிறது. அது தோலின் மேலே இருக்கும் உயிரில்லாத அடுக்கில் போய்ப் பிடித்துக்கொள்ளும். உள்ளங்கையிலும் பாதத்திலும் அந்த அடுக்கு தடிமன். அதனால் அங்கே செக்கச்செவேலென்று பிடிக்கும். அதே விழுதைப் புறங்கையில் வைத்துப் பாருங்கள், மங்கலாகத்தான் இருக்கும். இந்த மேல்தோல் தினம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து புதுசாக வருகிறது. அது உதிர உதிர, நிறமும் கூடவே போய்விடுகிறது. சும்மா இருக்கிற கையிலேயே ரெண்டு மூன்று வாரத்தில் போய்விடுமாம். கம்பி நாரும் பாத்திரப் பவுடரும் துணி சோப்பும் போட்டுத் தினம் தேய்க்கிற கையில் எத்தனை நாள் நிற்கும், நீங்களே சொல்லுங்கள்!

என் நாத்தனார் மகள் ஆஸ்திரேலியாவில் ஒரு அழகு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே வெள்ளைக்காரப் பெண்கள் வெயிலில் காயாமலே மாநிறமாகத் தெரிய உடம்பெல்லாம் ஒரு திரவத்தை ஸ்ப்ரே அடித்துக்கொள்வார்களாம். (நாம் இங்கே வெளுக்க கிரீம் தடவுகிறோம், அவர்கள் கறுக்கக் காசு கொடுக்கிறார்கள்!) அதுவும் மேல்தோலில் மட்டும்தான் பிடிக்கும், ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். "நிறம் நிற்கணும்னா அடிச்ச அன்னைக்குத் தண்ணி படக்கூடாது அத்தை, அப்புறமும் அழுத்தித் தேய்க்கக் கூடாது, தினம் கிரீம் தடவணும்" என்றாள். என் பாட்டி மருதாணிக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். கிரீமுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்முறை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கொழுந்தாகப் பறித்த இலையோடு துளி புளியும் ஒரு கொட்டைப்பாக்கும் வைத்து நைசாக அரையுங்கள். செடி இல்லாத பட்டணத்து சகோதரிகள் பொடி வாங்கிக்கொள்ளலாம். ராஜஸ்தானில் சோஜத் என்ற ஊர் மருதாணிக்கே பேர் போனது, 2021-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. பொடியை மெல்லிய துணியில் சலித்து, எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்துச் சில மணி நேரம் ஊறவிட வேண்டும். வைத்துக்கொள்ளும் முன் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. காய ஆரம்பித்ததும் சர்க்கரை கரைத்த எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டே இருந்தால் விழுது உதிராமல் ஒட்டி நிற்கும்.

காலையில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஓடிப்போய்க் குழாயடியில் கையைக் கழுவுகிறார்கள். கழுவவே கூடாது! காய்ந்ததை அப்படியே உதிர்த்துவிட்டு எண்ணெய் தடவுங்கள். முதலில் வெறும் ஆரஞ்சு நிறமாகத்தான் தெரியும். ஒரு நாள், ரெண்டு நாள் போகப் போகக் காற்றுப் பட்டுத்தான் அது ஆழ்ந்த சிவப்பாக மாறும். அந்த முதல் ஒரு நாள் தண்ணீரும் சோப்பும் படாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

அந்த ஒரு நாளைத்தான் நமக்கு யார் தருகிறார்கள்? விடிந்தால் வாசல் தெளிக்க வேண்டும், குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும், டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், பத்துப் பாத்திரம் போட்டது போட்டபடி கிடக்கும். ஏழு மணிக்குள் கை பத்துத் தடவை நனைந்துவிடும். அப்புறம், "உனக்குச் சரியாகவே பிடிக்கலையே, வீட்டுக்காரருக்கு உன் மேல் பாசம் குறைச்சல் போலிருக்கு" என்று கேலி வேறு! சிவந்தால் புருஷன் பாசம் என்று சொல்லி வைத்தவர்கள், அந்தப் பாசத்தை அன்றைக்கு ரெண்டு பாத்திரம் தேய்த்துக் காட்டச் சொல்லியிருக்கலாம்.

இந்த அவசரத்தைப் பார்த்துத்தான் 'ஒரு மணி நேரத்தில் கறுப்பு' என்று சொல்லி கோன் விற்கிறார்கள். தோழிகளே, நல்ல மருதாணி ஒருநாளும் மையாகக் கறுக்காது. அப்படிக் கறுத்தால், பெரும்பாலும் அதில் தலைச்சாயத்தில் போடுகிற பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும். ஐரோப்பிய நாடுகளில் அதைத் தலைமுடிச் சாயத்தில் மட்டும், அதுவும் 2 சதவீதத்துக்கு மேல் போகாமல், சேர்க்கலாம். தோலில் பூச அனுமதியே இல்லை. 2006-ல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 'அந்த வருஷத்தின் ஒவ்வாமைப் பொருள்' என்று இதைத்தான் அறிவித்தது.

எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு நேரமில்லை என்று ஒரு திருவிழாக் கடையில் இப்படி ஒரு கோன் வாங்கி வந்தார்கள். என்ன கலந்திருக்கிறது என்று அதன் மேல் ஒரு வரி அச்சடித்திருக்கவில்லை. மூன்றாம் நாள் கோலம் போட்ட இடமெல்லாம் கொப்புளம். முகூர்த்தத்தன்று அந்தப் பெண் புறங்கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. புண் ஆறியும் தழும்பு பல மாதம் இருந்தது. "இனிமேல் ஆயுசுக்கும் தலைக்கு டை போடாதே, முகமே வீங்கிப் போகலாம்" என்று தோல் டாக்டர் சொல்லி அனுப்பினார். இருபத்து மூன்று வயசுப் பெண்ணுக்கு!

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கைக்குழந்தைகளுக்கு நல்ல மருதாணியே வேண்டாம். ஜி6பிடி என்ற குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்கிறார்கள் டாக்டர்கள். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரியாது. "ஒரு பொட்டுதானே" என்று பிஞ்சுக் கையில் வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் நான் சனிக்கிழமை ராத்திரிதான் வைத்துக்கொள்கிறேன். முதல் நாளே வீட்டில் சொல்லியும் விடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படிப் பக்கம் வரமாட்டேன் என்று. போன ஆடியில் அவர் உப்புமா கிண்டினார், ஒன்பதாவது படிக்கிற பையன் பாத்திரம் தேய்த்தான். உப்புமா அடிப்பிடித்துவிட்டது, நான் வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து பாத்திரம் கழுவக் கையுறை, ராத்திரி படுக்கும்போது துளி தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். உள்ளங்கையில் பதினாறு நாள் நின்றது. கல்யாணப் பெண்ணாக இருந்தால் முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னால் வைத்துவிடுங்கள், அன்றைக்கு நிறம் நன்றாக ஏறியிருக்கும்.

- ஒரு வாசகி, மயிலாடுதுறை.