பதவியா, பணியா? ஓமந்தூரார் வாழ்வு கேட்கும் கேள்வி



பெருமுக்கல், திண்டிவனம், மரக்காணம் என்று நாம் வாழும் இந்த வட்டாரத்தில்தான் ஓமந்தூரும் இருக்கிறது. அவ்வூரில் 1895இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். நாடு விடுதலை பெற்ற நாளில் நம் மாகாணத்தை ஆண்டவர் அவரே.

இரண்டே ஆண்டுகள்தான். ஆனால் அதற்குள் தாழ்த்தப்பட்டோருக்கு ஆலயக் கதவைத் திறந்த சட்டம், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஆகியவை நிறைவேறின. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதற்கும் வந்தது.

அவர் பதவி இழந்த காரணம் நம் சிந்தனைக்குரியது. நிர்வாகத்தில் கட்சிக்காரர்கள் தலையிடுவதை அவர் அனுமதிக்கவில்லை. சிபாரிசுக்கு இணங்கவுமில்லை. சொந்தக் கட்சி உறுப்பினர்களே அதிருப்தி அடைந்தனர். குமாரசாமி ராஜா முதல்வரானார். ஓமந்தூராரோ பின்னாளில் வடலூரில் வள்ளலார் வழியில் கல்விப்பணி, அறப்பணி செய்து 1970இல் மறைந்தார்.

அவர் கொண்டுவந்த மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசே சில்லறை மதுக்கடைகளை நடத்துகிறது. 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவர் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. காவல்துறையினர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர், நிவாரணம் வழங்கப்பட்டது. ஆனாலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதேபோல் இறந்தனர்.

மதுவிலக்கு இருந்தபோதும் கள்ளச்சாராயம் இருந்தது. கடைகள் திறந்த பின்னும் இருக்கிறது. ஆகவே சட்டம் மட்டும் போதாது. தவறு செய்பவனுக்காகக் காவல் நிலையத்துக்குச் சிபாரிசு போகாத நிலை வேண்டும். ஓமந்தூரார் மறுத்தது இத்தகைய தலையீட்டைத்தான். அதற்கு அவர் கொடுத்த விலை முதல்வர் பதவி.

மோசேக்கு அவருடைய மாமனார் இத்திரோ கூறிய அறிவுரையை நினைவுகூர்வோம் (விப 18:21). மக்களை நடத்தத் தெரிந்தெடுக்கப்படுகிறவர்கள் கடவுளுக்கு அஞ்சுகிறவர்களாகவும் கையூட்டை வெறுப்பவர்களாகவும் இருக்க வேண்டும் என்றார் அவர். பொதுநலனுக்காக அரசியலில் உழைப்போரின் பணியை இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் பாராட்டியுள்ளது.

அப்படியானால் நம் பங்கு என்ன? வாக்குக்குப் பணம் பெற்ற நாம், வென்றவரிடம் நேர்மையை எப்படிக் கேட்போம்? நம் பிள்ளையின் வேலைக்கும் நம் உறவினர் மீதான வழக்குக்கும் சட்டமன்ற உறுப்பினரின் சிபாரிசைத் தேடுகிற நாம், அடுத்தவர் தேடும்போது மட்டும் அதை ஊழல் என்கிறோம். நேர்மையான தலைவர் வேண்டும் என்று செபிப்போம். அவர் நம் வேண்டுகோளையே மறுக்கும் நாளிலும் அவருடன் நிற்கும் துணிவையும் இறைவனிடம் கேட்போம்.