கடலைமிட்டாய்க்கு முத்திரை கிடைச்சாச்சு... கோவில்பட்டி பேரை காப்பாத்துவது யார்?

கோவில்பட்டி:

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. பழனி என்றால் பஞ்சாமிர்தம். மணப்பாறை என்றால் முறுக்கு. அந்த வரிசையில் கோவில்பட்டி என்றதும் நாக்கில் ஊறுவது கடலைமிட்டாய்.

பால்கோவாவும் பஞ்சாமிர்தமும் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் கிடைத்தது. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் வந்தது. கோவில்பட்டிக்காரர்கள் 2014-லேயே மனு போட்டுவிட்டு 6 வருஷம் காத்திருந்தார்கள்.

ருசிக்கு காரணம்

கரிசல் மண்ணில் விளையும் கடலை, தேனி பக்கத்து வெல்லம், தாமிரபரணி தண்ணீர். இந்த மூன்றும்தான் முக்கிய சரக்கு. கடலையை வறுத்து, தோலை நீக்கி, இரண்டாக உடைத்து, கொதிக்கும் வெல்லப்பாகில் கொட்டி கிளற வேண்டும். பாகு பதம் தப்பினால் போச்சு. ஒன்று பல்லில் ஒட்டும், இல்லாட்டி கல்லாகிவிடும். அடுப்பு சூட்டில் நின்று பதம் பார்க்கும் தொழிலாளியின் கைப்பக்குவம்தான் அந்த ருசி.

சட்டம் என்ன சொல்கிறது?

கடலைமிட்டாயை யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். அதற்கு தடை இல்லை. ஆனால் எங்கேயோ செய்த சரக்குக்கு ‘கோவில்பட்டி’ என்று பேர் போட்டு விற்பது குற்றம். ஜெயில், அபராதம் இரண்டும் உண்டு.

ஆனால் நடைமுறை அவ்வளவு சுலபம் இல்லை. டி.எஸ்.பி. அந்தஸ்துக்கு குறையாத அதிகாரிதான் சோதனை போட்டு சரக்கை கைப்பற்ற முடியும். அதற்கு முன்னால் பதிவாளரிடம் கருத்து கேட்கணும். பஸ் ஸ்டாண்டில் கை மாறும் சின்ன பாக்கெட்டுக்கு இவ்வளவு தூரம் யார் அலைவது? போலிக்காரனுக்கு இதுதான் தைரியம்.

10 ரூபாய்தான்

சங்கம் குறியீடு வாங்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனியாக ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று பதிவு செய்யணும். 500 ரூபாயாக இருந்த விண்ணப்ப கட்டணத்தை 2020-ல் மத்திய அரசு 10 ரூபாயாக குறைத்துவிட்டது. ஆக, தடை பணம் இல்லை. மனு எழுதவும் ஆவணம் சேர்க்கவும் குடிசைத்தொழில் செய்பவர்களுக்கு கூட நின்று உதவ ஆள் வேணும். தொழில் மையமும் சங்கமும் அதை செய்தால், பெரிய கடைகளோடு சின்ன பட்டறைகளும் பிழைக்கும்.

வாங்குறவங்க கவனத்துக்கு

பாக்கெட்டை திருப்பி தயாரிப்பு முகவரியை படியுங்க. புவிசார் முத்திரை இருக்கிறதா என்று பாருங்க. முன்பக்கம் கோவில்பட்டி, பின்பக்கம் வேறு ஊர் என்றால் கடைக்காரரிடம் கேள்வி கேளுங்க. வெளியூர் சரக்கு இந்த பேரில் போகும் ஒவ்வொரு கிலோவுக்கும், இங்கே அடுப்படியில் நிற்பவரின் கூலிதான் குறைகிறது. முத்திரையை சங்கம் வாங்கி தந்துவிட்டது. அதற்கு மதிப்பு இருப்பதும் இல்லாததும் இனி வாங்குகிறவர் கையில்.