மேடைக்கு வராதவர்கள்

கல்யாண போட்டோ எடுப்பதைப் பற்றி யார் கேட்டாலும் நான் ஒன்றைத்தான் சொல்வேன். கேமராவை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். கல்யாணத்தைக் கற்றுக்கொள்ளத்தான் வருஷக்கணக்கில் ஆகும். இப்போது பகுதி நேரமாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் பாதியை எங்களைவிட நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள். இரண்டாவது பாதியைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. அதைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுவது என் பிழைப்பாக இருந்தது. அதோடு 1981 முதல் இருபது வருஷத்துக்கு மேல் முகூர்த்த நாட்களில் கல்யாண போட்டோவும் எடுத்தேன். கடை ஒன்பதரைக்குத் திறக்கும். ஆறு - ஏழரை முகூர்த்தம் என்றால் தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் நாலு இட்லி சாப்பிட்டு, கேமராவை ஸ்டூடியோவில் ஒப்படைத்துவிட்டுக் கடைக்கு வந்துவிடலாம். ஒன்பது - பத்தரை முகூர்த்தம் என்றால் முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்ல வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, எடுத்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

ஸ்டூடியோவில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று ரோல் பிலிம் கொடுப்பார்கள். யாஷிகா கேமரா. ஒரு ரோலுக்கு 12 படம், ஆக மொத்தம் 36. மாப்பிள்ளை அழைப்பிலிருந்து பந்தி வரை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பிளாஷ் ஒரு தடவை அடித்தால் மறுபடி சார்ஜ் ஏற எட்டுப் பத்து விநாடி ஆகும். அதாவது, கெட்டிமேளம் கொட்டும்போது நம் கையில் இருப்பது ஒரே ஒரு படம்.

வெளிச்சத்துக்கு மனக்கணக்கு உண்டு. பிளாஷின் கைடு நம்பர் 32 என்றால், 100 ஸ்பீடு பிலிமில் நாலு மீட்டர் தூரத்துக்கு 32ஐ 4ஆல் வகுத்து எஃப் 8 வைக்க வேண்டும். இரண்டு மீட்டருக்கு எஃப் 16. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்குதான் போய்ச் சேரும். கணக்கு எழுதுகிறவனுக்கு இது பெரிய வித்தையில்லை. இன்று இதையெல்லாம் கேமராவே போட்டுவிடுகிறது. எடுத்த படத்தை அந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மங்கலான மண்டபத்திலும் பிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். அந்தக் காலமே உசத்தி என்று சொல்ல நான் வரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சனி, ஞாயிறில் கல்யாணப் படம் எடுக்க ஆரம்பித்திருக்கிறான். போன மாதம் வந்து, "மாமா, அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று கேட்டான். "இன்னும் நாலு கல்யாணத்துக்கு லென்ஸே வாங்காதே. கல்யாணம் எப்படி நடக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வா" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

கிண்டல் இல்லை. நம் ஊரில் கல்யாணம் என்பது ஒன்றல்ல, பல. ஒரு வீட்டில் காசி யாத்திரை, ஊஞ்சல், கன்னிகாதானம், சப்தபதி என்று வரிசையாகப் போகும். இன்னொரு வீட்டில் அரசாணிக்கால் நட்டு, பாத பூஜை முடித்து, தாரை வார்த்து, தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் செய்யக் கூட்டத்துக்குள் கொண்டு போவார்கள். சுயமரியாதைத் திருமணத்தில் அக்கினியும் கிடையாது, மந்திரமும் கிடையாது. மாலை மாற்றுவதும் உறுதிமொழி சொல்வதும்தான் முக்கியம். அதற்கு 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்ட அங்கீகாரமும் வந்துவிட்டது. நிக்காஹில் மாப்பிள்ளை ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம் இருப்பார்கள். சர்ச்சில் பீடத்தின் மேல் ஏறி நின்று எடுக்கக் கூடாது. இதெல்லாம் தெரியாமல் நிற்பவனுக்கு எது எப்போது வரும் என்று எப்படித் தெரியும்?

ஐயர் தவில்காரரைப் பார்த்து விரலை ஆட்டுவதற்கு முன்பே நாம் நம் இடத்தில் நிற்க வேண்டும். அட்சதை பறக்க ஆரம்பித்த பிறகு யாரும் வழி விட மாட்டார்கள். பல வீடுகளில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் பெண்ணுக்கு நாத்தனார் முறை உள்ளவர் போடுவார். அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டால் அவர் முகமும் படத்தில் வரும். ஹோமப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து எதிர்ப் பக்கம் நிற்க வேண்டும். இல்லையென்றால் பிளாஷ் வெளிச்சம் புகையில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளையாகிவிடும். இதெல்லாம் கேமராவோடு வரும் புத்தகத்தில் இருக்காது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஸ்டூடியோ அண்ணன் அதிகம் பேச மாட்டார். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் மறக்கவே மறக்காது. "மேடையில இருக்கறவங்கள யாரு வேணா எடுப்பான். தூணுக்குப் பின்னாடி யாரு நிக்கறாங்கன்னு பாருடா."

1989-ல் சுவாமிமலைப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. பெற்றோர் ஸ்தானத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் மணையில் உட்கார்ந்தார்கள். பெற்ற தாயார் சமையல்கட்டு வாசற்படியில் நின்றிருந்தார். கணவனை இழந்தவர் மேடைக்கு வரக் கூடாது என்று அந்தக் காலத்து வழக்கம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. தாலி கட்டி முடிந்த கையோடு நான் அங்கே போனேன். மகனையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவை ஒரு படம் எடுத்தேன். ஆல்பத்துக்குப் படம் பொறுக்கும்போது பெரியவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். நெகடிவ் மட்டும் பெயரும் தேதியும் எழுதிய கவரில் ஸ்டூடியோவிலேயே இருந்தது.

பதினோரு வருஷம் கழித்து அந்த மாப்பிள்ளை ஸ்டூடியோவுக்கு வந்தார். அம்மா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்க ஒரு படம் வேண்டும். வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு படம்கூட இல்லை. வாக்காளர் அட்டையில் இருப்பதில் முகமே தெரியவில்லை. "எங்கம்மாவ அன்னைக்கு யாராவது எடுத்தீங்களா?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் கவரைத் தேடி எடுத்துவிட்டோம். படத்தைக் கையில் வாங்கியவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் படத்தை எடுக்கத் தனித் திறமை எதுவும் தேவைப்படவில்லை. நாலு மீட்டர், எஃப் 8. அந்த வாசற்படிக்குப் போகத் தெரிந்திருந்தால் போதும். கல்யாணப் படம் எடுப்பதில் ஒருவன் தேறுகிறான் என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்று பல வீடுகளில் அம்மாவை உரிமையோடு மேடையில் நிறுத்துகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வேறு ஆட்கள் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்கள். முட்டிவலிக்காரர்களால் மேடைப் படி ஏற முடியவில்லை. வரவேற்பு வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க முடியாமல், மொய்க் கவரை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் மணமக்களைச் சுற்றி நாலைந்து கேமராக்காரர்கள் நிற்கிறார்கள். ஊரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த அத்தை அவர்கள் முதுகைத்தான் பார்க்கிறார். மூவாயிரம் படம் எடுக்கிறார்கள். அதில் இரண்டாயிரம் மணமக்கள் இருவரும் மட்டும் இருப்பது.

"கேட்பதைத்தானே கொடுக்க முடியும்? இப்போது எல்லோரும் டிரோன் கேட்கிறார்கள், அவுட்டோர் ஷூட் கேட்கிறார்கள்" என்று அந்தப் பையன் சொன்னான். நியாயம்தான். இருபத்தைந்து வயதில் கேட்பது அது. நாற்பத்தைந்து வயதில் அதே ஆட்கள் ஆல்பத்தைப் புரட்டித் தாத்தா பாட்டியைத் தேடுவார்கள். அன்றைக்கு வந்து கேட்டால் கொடுக்க நம்மிடம் இருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் பகுதி நேரக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. முழு நேரக்காரர் ஒரே முகூர்த்த நாளில் மூன்று மண்டபத்துக்கு ஓட வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பகுதி நேரக்காரன் மாதத்துக்கு இரண்டு கல்யாணம் ஒப்புக்கொண்டால் போதும். முதல் நாள் சாயங்காலம் அந்த வீட்டில் அரை மணி உட்கார்ந்து, "உங்க வீட்ல முக்கியமான பெரியவங்க யாரு யாரு?" என்று கேட்டுப் பத்துப் பேர் எழுதிக்கொள்ளலாம். மறுநாள் கூட்டம் சேர்வதற்கு முன்பே அவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் போய் எடுத்துவிடலாம். கல்யாணம் முடிந்ததும் படம் அழகாக வந்ததா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்தப் பத்துப் பேரில் யார் விட்டுப்போயிற்று என்று எண்ணிப் பார்க்கலாம். ஆரம்பத்தில் ஒரு சீசன் முழுக்க அனுபவஸ்தர் ஒருவருக்குப் பை தூக்கிக்கொண்டு போவதும் நல்லது. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு தடவை கேமரா இல்லாமல் போய்ப் பார்ப்பதும் நல்லது. படங்களை இரண்டு இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும். முக்கியமானவற்றைக் காகிதத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்லியாயிற்று. நமக்கும் ஒன்று இருக்கிறது. போட்டோ எடுக்கிற பையன் பக்கத்தில் வந்தால், "எனக்கெதுக்குப்பா போட்டோ, பொண்ணு மாப்பிள்ளையப் போய் எடு" என்று கையை ஆட்டி விரட்டிவிடுகிறோம். வெட்கம் ஒரு பக்கம், முகத்தில் விழுந்த சுருக்கம் ஒரு பக்கம். அந்தப் படம் நமக்காக இல்லை. அடுத்த முகூர்த்தத்தில் யாராவது அப்படி வந்தால், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். பக்கத்தில் இருக்கும் உங்கள் சம்சாரத்தையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.