முதுமைக்கு ஆஸ்பிரின் மருந்தல்ல

வயதானால் ரத்தம் கெட்டியாகும், தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் மாரடைப்பு வராது என்று பலரும் நம்புகிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் பயமாக இருக்கிறது. வயது ஏற ஏற ஃபைப்ரினோஜென் போன்ற உறைவுப் புரதங்கள் ரத்தத்தில் கூடுகின்றன. உறைந்த கட்டியைக் கரைக்கும் திறன் குறைகிறது. தமனிச் சுவர் விறைக்கிறது. ஆனால் அதே முதுமை மூளையின் நுண்குழாய்களையும் இரைப்பையின் உட்சுவரையும் நலிவாக்குகிறது. உறையும் அபாயமும் கசியும் அபாயமும் ஒரே உடம்பில் சேர்ந்தே வளர்கின்றன. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதய நோய் இல்லாத 19,114 முதியோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ சொல்லத்தக்க அளவில் குறையவில்லை. கடும் ரத்தப்போக்குதான் கூடியது.

அப்படியானால் ரத்தக்குழாயைக் காப்பது எது? கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களிலும் வேலூர் நகரிலும் 30 முதல் 60 வயதுள்ளவர்களிடம் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் 1991–94இல் ஓர் ஆய்வும், 2010–12இல் மறு ஆய்வும் நடத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் சர்க்கரை நோயும் உடற்பருமனும் வெகுவாகக் கூடியிருந்தன, கிராமங்களிலும்கூட. மறு ஆய்வின்போது ஐம்பதைத் தொட்டிருந்த தலைமுறை இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. அவர்களின் தமனிகளை அரிப்பது வயது மட்டுமல்ல, கட்டுப்படுத்தக்கூடிய பிரஷரும் சுகரும்தான். அவற்றுக்கான மாத்திரைகளை 2021 ஆகஸ்ட் முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே கொண்டுவருகிறது. கையில் இருக்கும் அந்த மாத்திரையை விட்டுவிட்டு ஆஸ்பிரினைத் தேடுவது வீண்.

தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆஸ்பிரின்தானே கொடுக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே இதயத் தமனிக்குள் கட்டி உருவாகிக்கொண்டிருக்கிறது. அதை எதிர்க்க அந்த மருந்து உயிர்காப்பு. கட்டியே இல்லாதவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. நாடித்துடிப்பு ஒழுங்கற்றுப் போன முதியவருக்கோ இதயத்தில் கட்டி உருவாகி மூளைக்குப் போகும் அபாயம் பெரிது. அவருக்கு ஆஸ்பிரின் போதாது, வேறு வகை உறைவுத்தடுப்பு மருந்து தேவைப்படும். ஆகவே பிரஷர் பார்க்க வீடு தேடி வரும் ஊழியர் ஒரு நிமிடம் நாடியையும் பிடித்துப் பார்க்க வேண்டும். இதற்குக் கருவி வேண்டாம், பயிற்சி போதும். சுகாதாரத் துறை அந்தப் பயிற்சியைக் கணியம்பாடியிலிருந்தே தொடங்கட்டும்.