மோர் கிடையாது

எதிர்வீட்டு மாமி போன வாரம் ஒரு பாட்டில் பாலை ஸிங்க்கில் கொட்டிவிட்டார். மேலே ஏடு மாதிரி மிதந்ததாம். 'திரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்.'

அது பசும்பால் இல்லை. கன்டோன்மென்ட்டில் வேலை பார்க்கும் மாட்டுப்பெண், மத்தியானம் ரெக்கார்ட் ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பம்ப் வைத்து எடுத்த 120 மில்லி தாய்ப்பால். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மாமியும்தான். பஞ்சாயத்துக்கு நான். (ரிடையரானவனுக்கு எல்லா சப்ஜெக்ட்டும் தெரியும் என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு நம்பிக்கை.)

கொழுப்பு பிரிந்து மேலே மிதப்பது சகஜம், மெள்ளச் சுழற்றினால் கலந்துவிடும் என்றேன். 25 டிகிரி வரை வெளியே 4 மணி நேரம் தாங்கும். திருச்சி மே மாதத்தில் 25 டிகிரிக்கு எங்கே போவது? ஆபீஸிலிருந்து ஐஸ் பெட்டியில்தான் வர வேண்டும். ஃப்ரிட்ஜில் 4 நாள். கதவில் வேண்டாம், உள்ளே பின்பக்கம். ஃப்ரீஸரில் 6 மாசம். அடுப்பில் காய்ச்சக் கூடாது. வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தினால் போதும். குழந்தை வாய் வைத்த மிச்சம் 2 மணிக்கு மேல் ஆகாது.

மாமியின் பிரச்னை வேறு. 'நேரா அம்மாகிட்ட குடிக்கிறதுதானே பால்? அதைப் போய் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ற தயிருக்குப் பக்கத்துல...'

'நேராகக் குடிப்பதுதான் உசத்தி மாமி. அம்மா ஆத்துக்கு அக்கரையில் இருந்தால்?' சைவக் கதை, கோபிக்கவில்லை. மலைக்கோட்டையில் ரத்னாவதிக்குப் பிரசவ வேளை. காவிரியில் வெள்ளம், அவள் அம்மாவால் வர முடியவில்லை. சிவனே அம்மா வேஷத்தில் வந்து தாயுமானவரானார். அதே காவிரி. 2022 கடைசியில் பாலத்தை ரிப்பேருக்கு மூடியபோது நாம் சுற்றிய சுற்று மறந்துபோச்சா?

மாமி அசையவில்லை. ஆஸ்பத்திரிக் கதைக்குத் தாவினேன். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2014-லிருந்து தாய்ப்பால் வங்கி உண்டு. திருச்சி ஜி.எச்.சிலும் இருக்கிறது. தானமாக வரும் பாலை 62.5 டிகிரியில் அரை மணி வைத்திருந்து, உறையவைத்து, குறைமாதக் குழந்தைகளுக்குத் தருகிறார்கள். திருச்சிப் பெண் ஒருத்தி 2023-லிருந்து 2025-க்குள் 300 லிட்டர் கொடுத்திருக்கிறாள்.

'முந்நூறா!' மாமி விரலை மடக்கினார். 'அரை லிட்டர் பாக்கெட்னா அறுநூறு. யார் பெத்த குழந்தைகளுக்கோ...' உள்ளே போய்விட்டார்.

நேற்று போயிருந்தேன். ஃப்ரிட்ஜ் மேல்தட்டில் தயிரும் இல்லை, தோசை மாவும் இல்லை. பின்பக்கம் நாலு பாட்டில், ஒவ்வொன்றிலும் தேதி, மணி, மாமியின் கையெழுத்தில்.

மோர் கேட்டேன். கதவை அடிக்கடி திறக்கக் கூடாதாம்.