ஓ.டி.பி. கேட்காத தொலைபேசிக் கம்பி

சென்ற மாதம் பிரான்சிலிருந்து என் தங்கை வந்தாள். வயது அறுபத்தெட்டு. இருதய அறுவை சிகிச்சை ஆனவள். விமான நிலையத்தில் இறங்கியதும் அவள் பெட்டி வரவில்லை. புகார் எழுதிக் கொடுக்க வரிசை. வெளியே காத்திருந்த எனக்கு இதைச் சொல்ல இலவச வைஃபையைத் திறந்திருக்கிறாள். 'இந்தியக் கைப்பேசி எண்ணைக் கொடு, ஓ.டி.பி. அனுப்புகிறேன்' என்றதாம். அவளிடம் இருந்ததோ பிரெஞ்சு எண். பாஸ்போர்ட்டைக் காட்டினால் கூப்பன் தரும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதில் 'பழுது' என்று சீட்டு ஒட்டியிருந்தது. இரண்டு மணி நேரம் அவள் உள்ளே. என்ன ஆயிற்றோ என்று நான் வெளியே.

இதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

2001-இல் நான் பிரான்ஸ் போனபோது ஒரு சிறிய ஓட்டலில் ஓர் இரவு தங்கினேன். கையில் தம்பியின் மடிக்கணினி. மோடம் வயரின் முனை அந்நாட்டுத் தொலைபேசிச் சுவர்ச்செருகியில் நுழையவில்லை. அவர்களுடையது வேறு மாதிரி. வரவேற்பில் இருந்த அம்மாளிடம் பள்ளியில் படித்த பிரெஞ்சில் 'ப்ரீஸ்' என்று கேட்டேன். மேஜை அறையிலிருந்து ஒரு மாற்றுச் செருகியை எடுத்துக் கொடுத்தார். வெளி இணைப்புக்கு முதலில் பூஜ்யம், பிறகு சற்று இடைவெளி விட ஒரு காற்புள்ளி, அதன்பின் எண். மோடம் கீச்சிட்டது, இரைந்தது, இணைந்தது. ஊரில் அண்ணனுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்ததென்று மின்னஞ்சல் வந்திருந்தது. அன்று கேட்கப்பட்டவை சந்தாப் பெயரும் கடவுச்சொல்லும்தான். இரண்டும் என் மண்டைக்குள் இருந்தன. எந்த சிம் கார்டையும் யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். இணையம் தொடங்கியபோது சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்குத்தான் யோகம். புதுச்சேரிக்காரன் சென்னைக்கு எஸ்.டி.டி. போட வேண்டும். ஒரு புகைப்படம் இறங்குவதற்குள் காப்பி ஆறிவிடும். பாதியில் யாராவது போன் செய்தால் எல்லாம் போயிற்று. ஆனால் கட்டணம் கட்டினால் கதவு திறந்தது.

பாதுகாப்புக்காக என்பார்கள். முப்பத்தைந்து ஆண்டு கோப்பு புரட்டியவன் நான். அடையாளம் கேட்பதன் அவசியம் எனக்கும் தெரியும். ஆனால் அரை மணிக்கு முன்புதான் குடிநுழைவு அதிகாரி அவளது பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்தினார். நாட்டுக்குள் நுழையப் போதுமான அடையாளம், அண்ணனுக்கு ஒரு வரி அனுப்பப் போதாதா?

அரசு அலுவலகத்தில் ஒரு வழி அடைபட்டால் மாற்று வழி வைப்பது எங்கள் வழக்கம். படிவம் தீர்ந்துவிட்டதா, வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவோம். இங்கேயும் ஒரு மேஜை, ஓர் ஆள், ஒரு பதிவேடு போதும். பாஸ்போர்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு சீட்டு கொடுக்கட்டும். இல்லையென்றால் 'இலவச வைஃபை' என்ற பலகையையாவது கழற்றிவிடட்டும்.